பன்னிரண்டு மணிக்குச் சொல்ல வேண்டிய பேர்

இரண்டு மணி நேரமாவது ஆகும், இந்த நாற்காலியில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டு என்ன செய்யப் போகிறீர்கள், கீழே கடற்கரைவரை ஒரு நடை போய்விட்டு வாருங்கள் என்று அந்தச் செம்பட்டைமுடி நர்ஸ் சொன்னாள், சொல்லிக்கொண்டே ஒரு சீட்டில் போன் நம்பரை எழுதினாள், பன்னிரண்டு மணிக்கு இந்த நம்பரில் கூப்பிடுங்கள், நோயாளியின் முழுப்பேரையும் பிறந்த தேதியையும் சொன்னால்தான் விவரம் சொல்வோம், வாசலில் வந்து நின்று பிரயோஜனம் இல்லை, இரண்டு மணிக்கு முன்னால் அந்தக் கதவைத் திறக்க மாட்டார்கள் என்றாள். யார் பேரை என்று கேட்டேன். தெரிந்துதான் கேட்டேன். உங்கள் கணவர் பேரைத்தான் என்று சிரித்தாள், பச்சைத் தண்ணீர் குடிப்பதுபோல அது அவளுக்கு ஒரு சாதாரண காரியம். முப்பத்தாறு வருஷத்தில் அவர் பேரை நான் ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. எழுதியிருக்கிறேன், ரேஷன் கார்டிலிருந்து நேற்று சாயங்காலம் இதே ஆஸ்பத்திரியில் நீட்டிய பாரம்வரைக்கும் எழுதியிருக்கிறேன், எழுதினால் தோஷமில்லை என்பது நானே எனக்குப் போட்டுக்கொண்ட சட்டம், நேற்று ஆம்புலன்ஸ்காரர் கேட்டபோதுகூடப் பாஸ்போர்ட் நகலை எடுத்து மூஞ்சிக்கு நேரே காட்டிவிட்டேன். போனில் எதைக் காட்டுவது? எழில் இருந்திருந்தால் அவள் சொல்லியிருப்பாள், அவள் அப்பா, அவளுக்கென்ன. மூன்று மணிக்குத்தான் ஆபரேஷன் என்று ராத்திரி சொன்னதை நம்பி, பழைய இசிஜியும் இன்சூரன்ஸ் பேப்பரும் எடுத்துவர லண்டனில் இருக்கிற தன் வீட்டுக்குக் காரை எடுத்துக்கொண்டு விடியலில் போனாள், போனபிறகு இடையில் ஓர் இடம் காலியாக இருக்கிறது என்று பத்து மணிக்கே இவரைத் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள். மணிக்கட்டு வழியாகக் கம்பியை விட்டு இருதயக் குழாயில் அடைப்பை எடுத்து ஸ்டென்ட் வைக்கிறார்களாம். எழில் கார் ஓட்டும்போது போனைத் தொடமாட்டாள், ஒரு மணிக்கு வந்துவிடுவாள், வந்து அவளே பேசட்டும், ஒரு மணி நேரம்தானே, பொறுத்துக்கொள்ள முடியாதா என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு படியிறங்கினேன். கோட்டுப் பையில் கழற்றிக் கொடுத்த அவருடைய வாட்ச் இருந்தது.

வாட்ச் இரண்டே முக்கால் காட்டுகிறது. ஊர் நேரம். வந்து ஒன்றரை மாதமாகியும் மாற்றமாட்டேன் என்கிறார், முப்பது வருஷம் பஸ் ஸ்டாண்டில் டைம்கீப்பராக இருந்த மனுஷன், நேரம்னா நம்ம நேரந்தான், இவங்க இஷ்டத்துக்கு வெயில் காலத்துல ஒண்ணு குளிர் காலத்துல ஒண்ணுன்னு முள்ளத் திருப்புவாங்க, நானும் திருப்பணுமா என்பார். நாலரை மணி நேரத்தைக் கழிக்க வேண்டும், பத்தேகால். சரிவான தெரு, இரண்டு பக்கமும் வெள்ளைவெள்ளையாக மூன்று மாடி வீடுகள், ஒவ்வொன்றுக்கும் வயிற்றைத் தள்ளிக்கொண்டு நிற்கிற ஜன்னல், ஒரு வீட்டுச் சுவரில் வட்டமாக நீலத் தகடு, இங்கே ஒரு கடற்படைத் தளபதி 1809-லிருந்து 1822வரை குடியிருந்தார் என்று போட்டிருக்கிறது, அடுத்த தெருமுனையில் இன்னொரு தகடு, இங்கே ஒரு பெண் வைத்தியர், அதற்கடுத்து ஒரு கடிகாரம் செய்கிறவர், கூடவே பேர், பிறந்த வருஷம், இறந்த வருஷம். செத்து இருநூறு வருஷமானவரின் பேர் நேற்றுப் போட்ட பெயின்ட்போலப் பளபளக்கிறது. எனக்கு மலைப்பாக இருந்தது, யாரையுமே விடமாட்டார்களா இவர்கள், எல்லார் பேரையும் பிடித்துச் சுவரில் அறைந்துவிடுவார்களா. நானும் பேர்க்காரிதான். எங்கள் ஊர் அரசாங்க ஆஸ்பத்திரியில் ஓபி சீட்டுக் கவுண்டரில் முப்பத்திரண்டு வருஷம், காலை ஏழரை மணிக்கு ஆரம்பித்தால் பகல் ஒரு மணிவரை தொண்டை கிழிய ஆட்களைக் கூப்பிடுவதுதான் என் உத்தியோகம், அவர் பஸ் ஸ்டாண்டு மைக்கில் ஊர்ப் பேர்களைச் சொல்வார், நான் ஜன்னலுக்குள்ளிருந்து ஆள் பேர்களைச் சொல்வேன், காற்று வாகாக அடித்தால் அவர் சிதம்பரம், கடலூர், பாண்டி என்பது எனக்குக் கேட்கும். ஊரிலுள்ள அத்தனை பேர் புருஷன் பேரையும் கத்தியிருக்கிறேன். என் புருஷன் பேரிலேயே யாராவது வந்துவிட்டால் மட்டும் டோக்கன் நம்பரைச் சொல்வேன், நாப்பத்தேழு, நாப்பத்தேழு எங்கே, என்று அதட்டுவேன், அந்தப் பேர்க்காரர்களெல்லாம் எங்கள் ஆஸ்பத்திரியில் நம்பராகவே வைத்தியம் பார்த்துக்கொண்டு போனார்கள். நான் ரிட்டயரான அன்றைக்கு மாலையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அவர் கேட்டார், ஊருல ஒருத்தன் பாக்கியில்லாம கூப்ட்டியே தவம், என்னய ஒரு நாளாவது கூப்ட்டியா? உங்க ஆயுசு என்ன கிள்ளுக்கீரையா என்று கேட்டுவிட்டு நான் பாட்டுக்குக் காப்பி போடப் போய்விட்டேன். அவர் சிரித்தார், ஆனால் கேட்டது விளையாட்டுக்கில்லை என்று எனக்கு அப்போதே தெரியும்.

தெரு முடிகிற இடத்தில் கடலோரச் சாலை, அதில் வரிசையாகப் படம் போட்ட பலகைகள் நட்டு ஊர்ச் சரித்திரம் எழுதியிருக்கிறார்கள், மீன்குப்பமாக இருந்தது, ஒரு டாக்டர் வந்து இந்த உப்புத்தண்ணீரில் முங்கினால் வியாதி போகும் என்று எழுதினார், அதைப் படித்துவிட்டுச் சீமாட்டிகள் வண்டி கட்டிக்கொண்டு வந்தார்கள். சக்கரம் வைத்த மரக்கூண்டு ஒன்று படத்தில் இருக்கிறது, சின்ன வீடுபோலக் கதவும் கூரையும், உள்ளே பெண்ணை உட்காரவைத்துக் குதிரையைக் கட்டிக் கடலுக்குள் இழுத்துப் போய் நிறுத்துவார்களாம், அவள் உள்ளேயே உடுப்பை மாற்றிக்கொண்டு கடலைப் பார்த்த பக்கத்துப் படியில் இறங்கி ஒரு முழுக்குப் போட்டுவிட்டு ஏறிக்கொள்வாள், கரையிலிருக்கிற ஒரு கண்ணிலும் பட்டுவிடக் கூடாது. எனக்கு வாய்விட்டுச் சிரிப்பு வந்தது, அடி பாவிகளா, நீங்களும் எங்களைப்போலத்தான் இருந்திருக்கிறீர்களா. சிரித்ததும் பயம் பிடித்துக்கொண்டது, அவர் மேலே கத்திக்கும் கம்பிக்கும் நடுவே கிடக்கிறார், நான் இங்கே நின்று சிரிக்கிறேன். முழங்கால் வலித்தது. உட்காரலாமென்று பார்த்தால் கடலைப் பார்த்து நெடுக பெஞ்சுகள், நல்ல தேக்குப் பலகை, ஒவ்வொன்றின் முதுகிலும் ஒரு பித்தளைத் தகடு. டாரதி, இந்தக் காட்சியை நேசித்தவள். ஆல்பர்ட்டும் எட்னாவும், மறுபடியும் சேர்ந்துவிட்டார்கள். எங்கள் அப்பா ஜார்ஜ், இங்கே கொஞ்சம் உட்காருங்கள். செத்தவர்கள் பேரில் பெஞ்சு போட்டு வைத்திருக்கிறார்கள், போகிறவர் வருகிறவரெல்லாம் அதில் சாய்ந்து உட்கார்ந்து ஐஸ்கிரீம் தின்கிறார்கள், நம் ஊரில் சமாதிமேல் காலைத் தொங்கப்போட்டு உட்கார்ந்தால் விடுவார்களா. வேறு நாளாக இருந்தால் உட்கார்ந்திருப்பேனோ என்னவோ, இன்றைக்கு, இந்த நேரத்தில், மாட்டவே மாட்டேன். கடல் காட்டவென்று எழில் எங்களைக் கூட்டிவந்து, நேற்று சாயங்காலம் நாலரைக்கு இதே சாலையில் அவரோடு நடந்தபோது தகடுகளை நான் கவனிக்கவில்லை. கடல் இந்தச் சுவரை வந்து மோதிக்கொண்டிருந்தது, தளும்பத் தளும்பத் தண்ணீர், அவர் உருளைக்கிழங்கு வறுவலைக் காகிதத்தோடு பிடித்துக்கொண்டு, என் வாயில் நுழையாத இந்த ஊர்ப் பேரை மைக்கில் சொல்வதுபோல மூன்று தடவை சொல்லிக் காட்டினார், இங்கிலீஷ்காரன் தோற்றான். பிறகு வறுவலை என் கையில் கொடுத்துவிட்டு, தவம், இந்த எடது கை என்னமோ மரத்துப்போன மாதிரி இருக்கு, என்றார். வறுவல் அப்போதும் சூடாகத்தான் இருந்தது.

அதை நினைக்கக் கூடாது என்று வேகமாக நடந்தேன். கடலில் மாட்டிக்கொண்டவர்களைக் காப்பாற்றுகிற படகு நிறுத்தியிருக்கும் கொட்டகை ஒன்று வந்தது, கதவு திறந்திருந்தது, உள்ளே சுவர் முழுக்கக் கறுப்புப் பலகையில் பொன்னெழுத்தில் பட்டியல், தேதி, கப்பல் பேர், காப்பாற்றிய உயிர் இத்தனை. 1866, ஏழு உயிர். 1869, இருபத்திரண்டு. காசுக்கில்லாமல் சும்மா போனவர்களாம், துணி தைக்கிறவன், ரொட்டி சுடுகிறவன், மணி அடித்தால் போட்டது போட்டபடி ஓடிவந்து துடுப்பைப் பிடித்திருக்கிறார்கள், அலை பனைமர உயரத்துக்கு எழும்பும்போது யாரோ முகம் தெரியாதவனுக்காக. கையெடுத்துக் கும்பிட்டேன். கடைசியில் தனியாக ஒரு பலகை, 1871 டிசம்பர், அதில் காப்பாற்றிய கணக்கு இல்லை, பதினோரு ஆட்களின் பேர் மட்டும், படகோடு போனவர்கள். பட்டியல் என்றால் எனக்குக் கண் தானாக மேலிருந்து கீழே ஓடும், பழக்கம், ஒரே வீட்டுப் பேர் மூன்று முறை வருகிறது, அப்பனும் இரண்டு பிள்ளைகளும். காற்று வேண்டும்போல் இருந்தது, கொட்டகையின் பின்பக்கம் படகை இறக்குகிற சரிவு வழியாக வெளியே வந்து தலையைத் தூக்கினேன். கடல் இல்லை. நேற்று சுவரை மோதிய கடல் அங்கே இல்லை. ஒரு மைல் தூரத்துக்கு ஈரச் சேறும் மணலும், கடலுக்குள் கட்டியிருந்த ஒரு நீளப் பாலம் இரும்புக் கால்கள் அத்தனையும் தெரிய நிற்கிறது, எங்கோ வானம் முட்டுகிற இடத்தில் வெள்ளையாக ஒரு கோடு, அதுதான் தண்ணீர். இதற்கு என்ன அர்த்தமென்று என் உடம்புக்குத் தெரியும். எங்கள் ஊர்க் கடல் தன் இடத்தைவிட்டு நகராத கடல், நாலு முழம் வரும், நாலு முழம் போகும், அது ஒரே ஒரு தடவைதான் இப்படி உள்வாங்கியது, ஞாயிற்றுக்கிழமை காலையில், அதிசயம் பார்க்கவும் துள்ளுகிற மீனைப் பொறுக்கவும் ஓடினவர்கள் ஓடினவர்கள்தான். இங்கேயும் அந்தக் காலி மணலில் ஆட்கள் நடக்கிறார்கள், குழந்தைகள் வாளியோடு உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு நாய் ஓடுகிறது. முழங்கால் வலி எங்கே போனதோ, நான் சரிவில் ஓடினேன், ஓடுங்க, மேல ஏறுங்க, கடல் வருது, புள்ளைங்களத் தூக்குங்க, என்று ஓபி கவுண்டர் குரலில் கத்தினேன். தமிழில் கத்துகிறோம் என்பதுகூட எனக்குத் தெரியவில்லை. முதலில் எதிர்ப்பட்ட ஒருத்தியின் கையைப் பிடித்துக் கரைப்பக்கம் இழுத்தேன்.

அவள் கையை உதறவில்லை. என் வயதுதான் இருக்கும், மழைக்கோட்டும் ரப்பர் பூட்சும், நாய் அவளுடையது. ஸீ, ஸீ, கோயிங், கமிங், பிக், என்று எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். அவள் என் முகத்தைப் பார்த்து, மெதுவாக, எனக்குப் புரிகிற மாதிரி நிறுத்தி நிறுத்திச் சொன்னாள், இது தினமும் போகும், தினமும் வரும், ஒரு நாளைக்கு இரண்டு தடவை, இதோ பாருங்கள், என்று சட்டைப்பையிலிருந்து சின்னப் புத்தகம் ஒன்றை எடுத்து விரித்தாள், கடல் எத்தனை மணிக்கு எவ்வளவு உயரம் வரும், எத்தனை மணிக்குப் போகும் என்று வருஷம் முழுவதற்கும் நிமிஷக் கணக்காக அச்சடித்திருந்தது. பஸ் டைம்டேபிள்! இவரிடம் காட்டினால் கண்ணில் ஒற்றிக்கொள்வாரே. அவ்வளவுதான், அங்கேயே நின்று அழுதுவிட்டேன், வெட்கமும் நிம்மதியும் எது எவ்வளவென்று தெரியவில்லை. என் பேர் ஹிலரி, இவன் டஃபி, நீங்கள் எந்த ஊர் என்று கேட்டாள், நான் தவமணி, இந்தியா, கடற்கரை ஊர் என்றேன், 2004 என்றேன், அந்த நாலு எண்ணே போதுமாக இருந்தது, அவள் ஓ என்று சொல்லி என் கையைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். வாருங்கள், ஒன்று காட்டுகிறேன், பயப்படாதீர்கள், பதினொன்றரைக்குத்தான் திரும்பும் என்றாள். நான் கடலின் தரையில் நடந்தேன். சொன்னால் யார் நம்புவார்கள், நேற்று இரண்டாள் ஆழம் இருந்த இடத்தில் செருப்போடு நடந்தேன், மண் வரிவரியாக இருந்தது, ஒவ்வொரு வரிக்கிடையிலும் ஒரு விரல் தண்ணீர், அதில் துண்டு துண்டாக வானம். கொஞ்ச தூரத்தில் கறுப்பாகக் கட்டைகள் தலை நீட்டின. உடைந்த படகு என்று நினைத்தேன். மரம், என்றாள், வேரோடு இருக்கிற மரம், ஏழாயிரம் வருஷத்துக்கு முன்னால் இங்கே காடு இருந்தது, மான் இருந்தது, மனுஷர்கள் இருந்தார்கள், பிறகு கடல் வந்தது. குனிந்து தொட்டேன். ஊறிய கட்டை, விரல் நகம் பதிகிறது, மேலே வளையம் வளையமாக வயது தெரிகிறது, வேர் இன்னும் மண்ணைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. தளபதி இல்லை, குதிரை இல்லை, மரக்கூண்டு இல்லை, இந்த ஊருக்குப் பேர்கூட இல்லை, அப்போது இது இங்கே நின்று காற்றில் ஆடியிருக்கிறது, எவளோ ஒருத்தி இதன் நிழலில் நின்று எவனையோ கூப்பிட்டிருப்பாள். கோயில் கருவறைக்கு முன்னால் நிற்பதுபோல நின்றேன். திரும்பி நடக்கும்போது ஹிலரி கொட்டகையைக் காட்டிச் சொன்னாள், ஒவ்வொரு டிசம்பரிலும் ஊரே இந்தச் சரிவில் கூடும், அந்தப் பதினோரு பேரையும் ஒவ்வொன்றாக வாசிப்போம், ஒரு பேர் வாசித்ததும் அந்தக் குடும்பத்தில் மிச்சமிருப்பவர் ஒருவர் கூட்டத்திலிருந்து ஆஜர் என்று குரல் கொடுப்பார், போன வருஷம் நான்தான் வாசித்தேன். பள்ளிக்கூடத்தில் உள்ளேன் ஐயா சொல்வதுபோலவா? நூற்றைம்பது வருஷமாகத் தண்ணீருக்குள் கிடப்பவர்கள் வருஷம் தவறாமல் உள்ளேன் ஐயா சொல்கிறார்கள்.

எனக்கு ஆஜர் சொல்லாத ஒரு பேர் தெரியும். அந்த ஞாயிற்றுக்கிழமையிலிருந்து நாலு நாள் நான் கவுண்டரில் உட்கார்ந்து எழுதியது ஓபி சீட்டு இல்லை, செத்தவர்கள் பட்டியல். காத்தாயி என்று ஒருத்தி திங்கட்கிழமை மத்தியானம் வந்தாள், குப்பத்துக்காரி, தலைமுடியில் மண் காய்ந்திருந்தது, எங்க வீட்டாளக் காணும், பட்டியல்ல இருக்கான்னு பாருங்கம்மா, என்றாள். பேர் என்ன என்றேன். மாரியோட அப்பா, என்றாள். பேரச் சொல்லும்மா. நம்ம மேலக்கரைக் கோயில்ல இருக்காரே, அவரு பேருதாம்மா. அவளுக்குப் பின்னால் நூறு பேர் நிற்கிறார்கள், நான் ராத்திரி முழுக்கக் கண்ணை மூடவில்லை, பேரச் சொன்னாத்தானே தேட முடியும், உன் கோயில் சாமி பேரெல்லாம் எனக்கு எப்படித் தெரியும், சொல்றியா இல்ல நகர்றியா, என்று கத்தினேன். நான் கத்தினேன். புருஷன் பேரை உதட்டில் வைக்காத நான், இன்னொருத்தியைச் சொல்லவைக்கக் கத்தினேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, துணிக்குள்ளிருந்து, அமிர்தலிங்கம், என்றாள். மூன்றாவது தாள், நாற்பத்தோராவது வரி. காலையிலேயே என் கையால் எழுதியது, அவள் சொல்வதற்கு நாலு மணி நேரம் முன்னால் எழுதியது, இது எனக்கு எப்போதும் தெரியும், கணக்குப் போட்டு ஆயிரம் தடவை எனக்கே சொல்லியிருக்கிறேன், ஆனாலும் ராத்திரி விளக்கை அணைத்தால் கணக்கு தலைகீழாகிவிடும், அவள் சொன்னாள், அவன் செத்தான், நான் சொல்லவைத்தேன், அவன் செத்தான். அதிலிருந்துதான் இந்தப் பழக்கம் எனக்குப் பழக்கமாக இல்லாமல் பயமாகப் போனது. ஏழெட்டு வருஷம் கழித்துக் காத்தாயி காய்ச்சலென்று கவுண்டருக்கு வந்தாள், நான் தலையைக் குனிந்துகொண்டு வயசு என்ன என்றேன். அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். என்னய ஞாபகம் இருக்காம்மா, நீ சொல்லச் சொன்னியே, அன்னைக்குத்தான் மொதமொத அவுங்க பேர நான் சொன்னது, என்றாள். அடிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். உசுரோட இருக்கயில ஒரு தடவ சொல்லிருந்தா திரும்பிப் பாத்துருப்பாங்கம்மா, ஆருக்கும் கேக்காத எடத்துல போயி சொன்னேன், என்றாள், சீட்டை வாங்கிக்கொண்டு போய்விட்டாள். திட்டியிருந்தால் மறந்திருப்பேன், இதை எங்கே போய் மறப்பது. வாட்ச் நாலு மணி காட்டியது, பதினொன்றரை, தூரத்தில் அந்த வெள்ளைக் கோடு கொஞ்சம் தடித்திருந்தது.

ஹிலரி என்னைச் சாலைக்கு ஏற்றிவிட்டு, பெஞ்சு வரிசையில் கடைசிக்கு முந்தினதில் போய், குட் மார்னிங் கென், இன்னைக்குக் காத்து சாஸ்தி, என்கிற மாதிரி என்னவோ சொல்லிக்கொண்டே உட்கார்ந்தாள். யாருமில்லை, பெஞ்சுதான். தகட்டில் கென்னத், குழாய் ரிப்பேர்காரர், எங்கள் எல்லோர் வீட்டையும் நனையாமல் காத்தவர் என்று இருந்தது. வீட்டுக்காரராம், போய்ப் பதினோரு வருஷம், தினமும் வந்து பேர் சொல்லிக் கூப்பிடுவாளாம். உயிரோடு இருக்கும்போதும் பேர் சொல்லித்தான் கூப்பிடுவீர்களா என்று கேட்டேன், அவளுக்குக் கேள்வியே புரியவில்லை, வேறு எப்படிக் கூப்பிடுவது என்றாள். உட்காருங்கள் தவமணி, கென் ஒன்றும் நினைக்கமாட்டான். நான் நின்றுகொண்டே இருந்தேன். மணி பதினொன்றே முக்கால், தண்ணீர் வருவது இப்போது கண்ணுக்கே தெரிந்தது, ஓசையில்லாமல், யாரையும் துரத்தாமல், வரிவரியான மணலில் ஒவ்வொரு பள்ளமாக நிரப்பிக்கொண்டு, குழந்தைகள் வாளியை எடுத்துக்கொண்டு பேசிக்கொண்டே மேலே வந்தார்கள், இந்தக் கடல் இத்தனை பெரிசாக இருந்துகொண்டு எவ்வளவு மரியாதையாக வருகிறது என்று பார்த்துக்கொண்டு நின்றேன். பன்னிரண்டாகட்டும், எழில் ஒரு மணிக்கு வருவாள், அவள் பேசட்டும். ஒரு மணிக்கு அவள் பேசி, வேறு ஏதாவது சொன்னார்களென்றால்? அப்புறம் நான் எங்கே போய்க் கூப்பிடுவேன், பெஞ்சிலா? யாருக்கும் கேட்காத இடத்திலா? உட்கார்ந்துவிட்டேன், கென் பக்கத்தில், கட்டை வெயிலில் காய்ந்து இதமாக இருந்தது. சீட்டைப் பார்த்து நம்பரை அழுத்தினேன். வேறு குரல் எடுத்தது, பேஷன்ட் முழுப்பேர் ப்ளீஸ். பிறந்த தேதியை முதலில் சொன்னேன், இருபதாம் தேதி, ஜூன், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபது. பேர் ப்ளீஸ். திருட்டுத்தனமாக மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, கலியமூர்த்தி, என்றேன். காற்று சத்தமாக இருக்கிறது, கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள் என்றாள். என்னமோ தெரியவில்லை, எனக்குக் கோபம் வந்துவிட்டது, முப்பத்திரண்டு வருஷத்துக் குரல் அடிவயிற்றிலிருந்து தானாகக் கிளம்பியது, கலியமூர்த்தி, சோமசுந்தரம் கலியமூர்த்தி, என்று கடற்கரைக்கே கேட்கக் கத்தினேன், டஃபி எழுந்து நின்றுகொண்டது, நாலைந்து பெஞ்சு தள்ளி ஐஸ்கிரீம் தின்றவர்கள் திரும்பினார்கள். ஒரு நிமிஷம் என்று சொல்லிப் பாட்டைப் போட்டுவிட்டாள்.

அந்தப் பாட்டை நான் ஜென்மத்துக்கும் மறக்கமாட்டேன். தண்ணீர் கறுப்புக் கட்டைகளை எட்டியிருந்தது, ஒன்றைச் சுற்றிவந்து மூடியது, அடுத்ததைச் சுற்றியது, நான் எண்ணிக்கொண்டே இருந்தேன், பேரைச் சொல்லியாகிவிட்டது, இனி திரும்ப எடுக்க முடியாது, மூன்றாவது கட்டை, நாலாவது கட்டை, காத்தாயி, உன்னிடம் கத்தினதுக்கு என்னை மன்னித்துவிடு, ஐந்தாவது கட்டை. ஹிலரி என் முழங்கைக்குள் கையைக் கோத்துக்கொண்டாள். பாட்டு நின்றது. எல்லாம் நல்லபடியாக முடிந்தது, ஒரு ஸ்டென்ட்தான் வைத்தார்கள், விழித்துத்தான் இருக்கிறார், டீ கேட்டார், பேசுகிறீர்களா என்றது குரல். ஆமாம் என்றேனா தலையை ஆட்டினேனா தெரியவில்லை. துணி உரசுகிற சத்தம் கேட்டது, பிறகு போனைத் தப்பான பக்கம் பிடித்துக்கொண்டு மூச்சு விடுகிற சத்தம், அந்த மூச்சு எனக்குத் தெரியும், முப்பத்தாறு வருஷமாகப் பக்கத்துத் தலையணையில் கேட்ட மூச்சு. ஏங்க என்றால் போதும் இப்போது. என்னங்க என்றால் போதும், யாரும் பேர் கேட்கவில்லை, சட்டம் முடிந்துவிட்டது. ஆனால் வாய் ஏற்கெனவே திறந்திருந்தது. கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்காமல் மெதுவாக, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி, கலியமூர்த்தி, என்றேன். அந்தப் பக்கம் மூச்சு சட்டென்று நின்றது. எனக்கு உயிரே போய்விட்டது. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, பஸ் ஸ்டாண்டு ஆபீசுக்கு வருகிற முகம் தெரியாத போனுக்குப் பதில் சொல்கிற அதே மரியாதையோடு அவர் கேட்டார்:

"ஆமா, கலியமூர்த்திதான். நீங்க யாருங்க பேசுறது?"